ஆறு தாண்ட ஓர் உத்தரவு

இதனைப் படிக்கும் மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும் பணிவான வணக்கம்.

இதனை எழுதுகிறவள் பள்ளிக்கூடத்தில் படித்தவள் அல்லள். திருச்சிராப்பள்ளியில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசர அறையில், கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து கிடத்தும் பகுதியில் ஆயாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெயர் சவரியம்மாள். எழுத்துக்களைக் கோயில் ஜெபப் புத்தகத்திலும் மருந்துக் குப்பிகளின் மேல் ஒட்டிய தாளிலும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். வாக்கியம் அமைக்கும் முறையைச் செய்தித்தாளின் தலையங்கங்களிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஆகையால் நடை எங்கேனும் தடுக்கினால் பொறுத்தருள வேண்டும்.

எழுத நேர்ந்த காரணம் இது. அண்மையில் பூசை முடிந்து வெளியே வரும்போது, அதே ஆஸ்பத்திரியில் இப்போது வேலை பார்க்கும் ஓர் இளம் நர்ஸ் என்னைக் கண்டு பேசினாள். "இப்பல்லாம் குழந்தையை உள்ள எடுக்கறதுக்கு முன்னாடியே வீட்டுக்காரங்ககிட்ட கையெழுத்து வாங்கிடறோம் ஆயாம்மா. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நம்ம தலையில விழக்கூடாது பாருங்க. உங்க காலத்துல யாரு போடுவாங்க கையெழுத்து?" என்று கேட்டாள். தெருவில் நின்று சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை. வீட்டுக்கு வந்து எழுதத் தொடங்கினேன்.

வேலை கற்ற காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரயில்வேயில் இருந்த என் கணவர் இளவயதிலேயே காலமானார். பங்குச் சாமியாரின் சிபாரிசில் ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஊசிகளை வேகவைப்பது, வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிக் குழந்தையின் காலடியில் வைப்பது, ஊசி போடும்போது முழங்கால் அசையாமல் பிடித்துக்கொள்வது, மூக்குச் சளியை ரப்பர் உருண்டையால் உறிஞ்சி எடுப்பது ஆகியவை என் வேலைகள். எல்லாவற்றையும் விடக் கடினமானது ஆக்ஸிஜன் குழாயின் முனையில் மாட்டிய புனலைக் குழந்தையின் முகத்தருகே பிடித்துக்கொண்டு நிற்பது. நெருக்கி வைத்தால் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தள்ளி வைத்தால் காற்று வீணாகும். கை மரத்துப்போனாலும் மாற்றிப் பிடிக்க முடியாது. முதல் சில ஆண்டுகள் நான் கற்றதெல்லாம் அந்தப் புனலைப் பிடிப்பதுதான் என்று சொன்னால் மிகையாகாது.

அதன் பிறகு டாக்டர் அன்னபூரணி அம்மையார் அந்தப் பகுதிக்குப் பொறுப்பேற்றார். அவரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும்.

சிறிய உருவம். நெற்றியில் சாந்துப் பொட்டு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எவ்வளவு அவசரமாக இருந்தாலும் முதலில் கை கழுவுவார். கழுவிய கையைத் துடைக்காமல் உதறிக்கொண்டே குழந்தையிடம் வருவார். அக்காலத்தில் ஒரு கைக்குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதென்றால் ஒரு வீடே கூட வரும். பெரியப்பா பேசுவார், மாமன் பேசுவார், குதிரை வண்டிக்காரரும் தமக்குத் தெரிந்ததைச் சொல்லுவார். டாக்டரம்மா அவர்களைப் பார்த்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். "நீங்க சொல்றதும் எனக்கு வேணும். கொஞ்சம் பொறுத்துக் கேக்கறேன்," என்பார். பிறகு, குழந்தை யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கம் திரும்பிப் பேசுவார். அது தாயானாலும் சரி, பக்கத்து வீட்டுப் பெண்ணானாலும் சரி. "தூக்கிட்டிருக்கிற கைக்குத்தான் குழந்தையோட கனம் தெரியும்," என்று எங்களிடம் ஒருமுறை காரணம் சொன்னார்.

அவருடைய இன்னொரு முறை, அவசர அறையில் எவரையும் திட்டக்கூடாது என்பது. அரியமங்கலத்திலிருந்து ஒரு பெண், பேதியில் கண் செருகிக் கிடந்த குழந்தையைக் கொண்டுவந்தாள். பேதி போகும்போது தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று வீட்டில் ஒரு சொட்டும் கொடுக்கவில்லை. புதிதாக வந்திருந்த ஓர் இளம் டாக்டர், "குழந்தை வத்திப் போற வரைக்கும் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க? அறிவில்லை?" என்று சத்தம் போட்டார். டாக்டரம்மா அவரை ஓரமாக அழைத்துப் போனார். நான் அருகில் புட்டி கழுவிக்கொண்டிருந்ததால் காதில் விழுந்தது.

"தம்பி, இங்க திட்டு வாங்கினவ அடுத்த தடவை வராம இருக்க மாட்டா. வருவா. ஆனா இன்னும் லேட்டா வருவா. அந்த லேட்டுக்கு மருந்து நம்மகிட்ட இல்லை."

அவரோடு வேலை பார்த்த ஆண்டுகளில் எனக்கு ஒன்று விளங்கியது. அந்த அறைக்கு வந்த குழந்தைகளின் நோய் குழந்தையிடத்திலேயே தொடங்கியது அரிது. மூத்த பிள்ளைக்குக் கக்குவான் இருமல் இருக்கும். ஒரே பாயில் சின்னதும் படுத்திருக்கும். தாய்க்கு உடம்பில் ரத்தம் இராது, பால் வற்றியிருக்கும், டின் பாலைப் பெயருக்குக் கரைத்துப் புட்டியில் கொடுத்திருப்பார்கள். தகப்பன் சிலோனிலோ மலேயாவிலோ இருப்பான். அவனிடமிருந்து பதில் வராமல் எதையும் தீர்மானிக்க யாருக்கும் துணிவு வராது. டாக்டரம்மா இவற்றையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மருந்து எழுதுவார். "யார் குளிப்பாட்டினாங்க? எந்த வீட்டுல இருக்கீங்க? அந்த வீட்டுல யார் சொன்னா நடக்கும்?" இவையும் அவருக்கு மார்பில் குழாய் வைத்துக் கேட்பதைப் போன்றவையே.

குளிப்பாட்டுவதைப் பற்றி ஏன் கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். புதனும் சனியும் மூச்சுத் திணறலோடு வருகிறவை பெரும்பாலும் ஆண் குழந்தைகளாக இருப்பதையும், செவ்வாயும் வெள்ளியும் பெண் குழந்தைகளாக இருப்பதையும் அவர் கவனித்து வைத்திருந்தார். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் நாட்கள் அவை. தலைக்கு ஊற்றுமுன் குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டு, உள்ளே இருக்கும் சளி வெளியே வரட்டும் என்று வாயால் ஊதுவார்கள். சளி வெளியே வருவதற்குப் பதிலாக எண்ணெய் நெஞ்சுக்குள் போய்விடும்.

உறையூரில் பெயர்பெற்ற ஒரு குளிப்பாட்டுக்காரி, தான் குளிப்பாட்டிய குழந்தையோடு தானே ஒருமுறை வந்துவிட்டாள். மார்பு அகன்ற, வெற்றிலை போட்ட பெண்மணி. டாக்டரம்மா ஒரு துண்டைக் குழந்தைபோல் சுருட்டி அவளிடம் கொடுத்து, எப்படிச் செய்வாள் என்று காட்டச் சொன்னார். அவள் கால் இரண்டையும் நீட்டித் தரையிலேயே உட்கார்ந்து, துண்டைக் காலில் போட்டு, ஒன்றும் விடாமல் செய்து காட்டினாள்.

"நான் ஊதின புள்ளைங்கதாம்மா இன்னிக்கு இந்த ஊர்ல போலீஸா நிக்குது, வக்கீலா நிக்குது. உங்களுக்குக்கூட எங்க ஆளுங்க யாராச்சும் ஊதியிருப்பாங்க."

"ஊதியிருப்பாங்க. அதான் இத்தனை குள்ளமா இருக்கேன்," என்றார் டாக்டரம்மா.

அறையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குமுன் டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க கை நல்ல கை. கழுத்தை எப்படிப் பிடிக்கறீங்கன்னு பார்த்தேன், எங்க நர்ஸுங்களுக்கு வராது. கையால என்ன வேணா பண்ணுங்க. வாயை மட்டும் விட்டுடுங்க. எண்ணெயை மூக்குல விடாதீங்க." அதன் பிறகு அந்தப் பகுதியிலிருந்து அந்தக் காரணத்தால் வந்த குழந்தைகள் குறைந்தன.

இனி ஸ்ரீரங்கத்தைப் பற்றி.

ஸ்ரீரங்கம் தீவு என்பது தாங்கள் அறிந்ததே. அங்கிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரக் காவிரியைத் தாண்ட வேண்டும். பாலம் இருந்தது, பஸ் இருந்தது. ஆனால் கழுத்து நிற்காத பச்சைக் குழந்தை ஆறு தாண்டக்கூடாது என்பது வழக்கம். அதனால் அங்கிருந்து கைக்குழந்தைகள் வருவது குறைவு. வந்தால் கடைசிக் கட்டத்தில் வரும். வேறொன்றும் நடக்கும். குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, நோயை மட்டும் வாயால் சொல்ல ஓர் ஆண்மகன் வருவார். காய்ச்சலாம், இருமலாம், பால் குடிக்கவில்லையாம், மருந்து கொடுங்கள் என்பார். பார்க்காத குழந்தைக்கு மருந்து கொடுக்க இயலாது என்று சொல்லி அனுப்புவது அறையின் வழக்கமாக இருந்தது.

அறுபதுகளின் நடுவில் ஒரு வியாழக்கிழமை, வெயில் ஏறத் தொடங்கிய வேளையில், அப்படி ஒருவர் வந்தார். சேஷாத்ரி ஐயங்கார் என்று பெயர் சொன்னார். கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் இருப்பவராம். முதுமையிலும் குரல் கணீரென்று இருந்தது. மகளுக்குத் தலைப்பிரசவம், தாய்வீடாகிய ஸ்ரீரங்கத்தில் ஆண் குழந்தை பிறந்து இன்னும் மாதம் நிறையவில்லை. புதன்கிழமை தலைக்கு ஊற்றினார்களாம். சாயங்காலத்திலிருந்து மூச்சு ஒரு மாதிரி இருக்கிறதாம்.

டாக்டரம்மா அவரைத் திருப்பி அனுப்பவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"ஒரு மாதிரின்னா எப்படிங்க? குழந்தை மூச்சு விடற மாதிரி நீங்க விட்டுக் காட்டுங்க."

பெரியவர் சுற்றிலும் பார்த்தார். வரிசையில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் மேல்வேட்டியைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வாயைச் சிறிது திறந்தார். வயிறு உள்ளே போக, விலாவின் கீழ் குழி விழ, வேகவேகமாக இழுத்தார். ஒவ்வோர் இழுப்பின் முடிவிலும் ஒரு சின்ன முனகல். மூக்கின் மடல்கள் விரிந்து சுருங்கின. சிறிது நேரத்தில் அவருக்கே மூச்சு முட்டி நிறுத்திவிட்டார்.

"அடியேனால இதுக்கு மேல முடியலை. அவன் நேத்து சாயங்காலத்திலேருந்து இப்படித்தான் விட்டுண்டிருக்கான்," என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான், தாம் சொன்னது என்ன என்று அவருக்கே புரிந்தது. அவர் முகம் மாறியதை அந்த வரிசை முழுவதும் பார்த்தது.

"குழந்தையைக் கொண்டு வாங்க," என்றார் டாக்டரம்மா.

"ஆறு தாண்டப்படாதே அம்மா."

"ஆறு மட்டும்தான் தடையா?"

அவர் மேல்வேட்டியை எடுத்து மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "பொண்ணு எங்காத்துப் பொண்ணு. குழந்தை அவாத்துக் குழந்தை. மாப்பிள்ளை மணப்பாறைக்கு அப்பால கிராமத்துல வாத்தியாரா இருக்கார். சம்பந்திக்குத் தந்தி அடிச்சிருக்கேன். அவா ஒரு வார்த்தை சொல்லாம, தலை நிக்காத குழந்தையை ஆறு தாண்ட வெச்சு, ஏதாவது ஒண்ணு ஆயிடுத்துன்னா அடியேன் என்ன பதில் சொல்றது? எம்பொண்ணு அந்தாத்துல எப்படி வாழறது?"

அதுவரை நாங்கள் எல்லோரும் ஆற்றைத்தான் காரணம் என்று நினைத்திருந்தோம். டாக்டரம்மா அவரை நோக்கிச் சரி என்பதுபோல் தலையசைத்தார். என்னைக் கூப்பிட்டார்.

"சவரியம்மா, காதர் பாய் வண்டியில ஆக்ஸிஜன் எடுத்துட்டு இவர்கூடப் போங்க. கொடுத்தாங்கன்னா கொண்டு வாங்க. பறிக்காதீங்க."

அவர் சொன்னது அவ்வளவுதான். இந்த வார்த்தைகளைத் தாங்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

காதர் பாய் எங்கள் ஆஸ்பத்திரி வண்டியின் டிரைவர். வண்டி அவர்கள் தெருவில் போய் நின்றபோது அக்கம்பக்கத்துக் கதவுகள் எல்லாம் திறந்தன. பெரியவரின் தமக்கையார் வாசலுக்கு வந்தார். பெரியவருக்கு மனைவி இல்லை. வீட்டை நடத்தியவர் இந்த அம்மையார்தான்.

"ஏண்டா சேஷு, மருந்து வாங்கிண்டு வரேன்னு போனவன் வண்டியைக் கூட்டிண்டு வந்து நிக்கறயே. ஆறு தாண்டப்படாதுன்னு நோக்குத் தெரியாதா?"

"தெரியும் அக்கா."

"நாளைக்கு அவா வந்து நின்னு கேட்டா யாருடா பதில் சொல்றது? நீயா, நானா?"

"தந்திக்குப் பதில் வந்துடும்."

"வரட்டும். வந்தப்புறம் போகட்டும். நான் பார்க்காத குழந்தையா?"

இருவரும் வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார்கள். காதர் பாய் வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என் காதருகே சொன்னார். "ஆயாம்மா, இவங்க மாநாடு முடியறதுக்குள்ள நம்ம சிலிண்டர் காலியாயிடும் போல இருக்கே."

என்னை உள்ளே விடுவார்களா என்பது எனக்குத் தெரியாது. அன்றைய வழக்கு அப்படி. அதைக் குறையாக இங்கே எழுதவில்லை. "அம்மா, குழந்தையை ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேங்க," என்றேன். அம்மையார், "ஆயா உள்ள வரப்படாது," என்றார். பெரியவர் நிலைப்படியை விட்டு விலகி நின்றார். "வரட்டும் அக்கா," என்றார். அந்த ஒரு சொல் மட்டும் அவரிடமிருந்து வந்தது.

பின்கட்டில், புடவையைத் திரையாகக் கட்டிய ஓர் அறையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். வைதேகி. இருபது வயது நிரம்பியிருக்காது. மடியில் குழந்தை. பெரியவர் எங்கள் அறையில் காட்டியது துளியும் மிகையில்லை. உதட்டைச் சுற்றி நீலம் பாய்ந்திருந்தது. குனிந்தபோது மூக்கில் நல்லெண்ணெய் மணத்தது. அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. புனலைப் பிடித்தேன். குழந்தை முகத்தைத் திருப்பவில்லை. திருப்பாதது நல்ல அறிகுறி அல்ல.

பின்னால் அம்மையாரும் பெரியவரும் திரைக்கு வெளியே வந்து நின்று இன்னும் தந்தியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மாவிடம் கண்டு பழகிய வழக்கத்தால், குழந்தை யார் கையில் இருந்ததோ அவளிடம் கேட்டேன்.

"நீங்க என்ன சொல்றீங்கம்மா?"

அவள் என்னை வியப்போடு பார்த்தாள். பிறகு சொன்னாள். "இவன் நேத்திலேருந்து பால் குடிக்கலை. ராத்திரி அழுதான். இப்ப அழவும் இல்லை. அழுதான்னா நான் இங்கயே இருப்பேன்." எழுந்து நின்றாள். "நான் வரேன்."

"வைதேகி!" என்றார் அத்தை. "உங்க மாமனார் வாயை நீ இன்னும் கேக்கலை. உன்னைத் திரும்ப ஆத்துல சேர்த்துக்க மாட்டாடி."

"சேர்த்துக்க வேண்டாம் அத்தை. இவன் மூச்சு விட்டாப் போறும்."

குழந்தையை நெஞ்சோடு அணைத்துத் திரையைத் தலையால் ஒதுக்கிக்கொண்டு நடந்தாள். நான் புனலோடு பக்கவாட்டில் நடந்தேன். கூடம், ரேழி, வாசல். பெரியவர் எங்களுக்கு முன்னால் ஓடிப்போய் வண்டியில் ஏறிக்கொண்டார். அத்தை வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி நகர்ந்தபோது, "தலையில துணியைப் போட்டுக்கோடி, காத்து அடிக்கும்," என்று கத்தினார்.

பாலத்தில் வாழைத்தார் ஏற்றிய மாட்டுவண்டிகள் முன்னால் போய்க்கொண்டிருந்தன. காதர் பாய் தலையை வெளியே நீட்டி, "அண்ணே, ஓரங்கட்டுங்கண்ணே! பச்சப்புள்ள இருக்கு!" என்று கூவிக்கொண்டே ஓட்டினார். கீழே காவிரியில் தண்ணீர் நிறையப் போயிற்று. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார். வைதேகி ஆற்றைப் பார்க்கவே இல்லை. புனலையும் குழந்தையின் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கரை இறங்கியபோது, "தாண்டியாச்சாம்மா?" என்று கேட்டாள். "தாண்டியாச்சு," என்றேன்.

டாக்டரம்மா வாயிலிலேயே நின்றிருந்தார். செய்யக்கூடியதை எல்லாம் செய்தார். பெனிசிலின் போட்டார். சளியை எடுக்க எடுக்க அதில் எண்ணெய் மினுங்கியது. அன்று பகலும் மாலையும் குழந்தை சற்றுத் தேறுவதுபோல் தோன்றிற்று. மறுநாள் காலையில் மறுபடியும் தளர்ந்தது. டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். ஆக்ஸிஜன் கொடுக்கும் அறைக்குள் தாய்மார் வரக்கூடாது என்பது விதி. அவர், "அந்தப் பொண்ணை உள்ள கூப்பிடுங்க. குழந்தையை அவ மடியில வையுங்க. புனல் அங்கயே இருக்கட்டும்," என்றார். அப்படியே செய்தேன். நண்பகலுக்கு முன் குழந்தை அவள் மடியிலேயே அடங்கியது. அவள் நெடுநேரம் கழித்துத்தான் அழுதாள்.

மணப்பாறையிலிருந்து மாமனாரும் மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. தந்தி மணப்பாறை வீட்டுக்கு வந்திருக்கிறது. மகன் கிராமத்தில் இருந்ததால் அவனைத் தேடிக் கூட்டிக்கொண்டு ரயிலேறத் தாமதமாகிவிட்டது. மாமனார் உயரமான மனிதர். வைதேகி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பெரியவர் அவளுக்கு முன்னால் நின்றிருந்தார். நடைவழியில் நின்றபடியே மாமனார் கேட்டார்.

"பச்சைக் குழந்தையை ஆறு தாண்ட வெச்சது யாரு? எங்களை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா? நேத்து வரைக்கும் இருந்த குழந்தை, ஆத்தைத் தாண்டின மறுநாள் இல்லைன்னா என்ன அர்த்தம்? யார் தீர்மானம் பண்ணினா?"

வைதேகி எழுந்தாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்பது எனக்குத் தெரியும். அதற்குள் கை ஈரத்தை உதறிக்கொண்டே டாக்டரம்மா வந்துவிட்டார்.

"நான்," என்றார். "என் உத்தரவு. அவங்க தரமாட்டேன்னுதான் சொன்னாங்க. நான்தான் வண்டியை அனுப்பிக் கொண்டுவரச் சொன்னேன். கேக்கறதையெல்லாம் என்னைக் கேளுங்க."

நான் அருகில் நின்றிருந்தேன். கொடுத்தால் கொண்டு வாருங்கள், பறிக்காதீர்கள் என்று அவர் சொன்னதைக் கேட்ட காது என்னுடையது. வைதேகி டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா அவள் தோளில் கை வைத்து மெல்ல அழுத்தி உட்கார வைத்தார்.

அதுவரை பின்னால் நின்றிருந்த மாப்பிள்ளை முன்னால் வந்தார். மெலிந்த வாலிபர். "டாக்டர், புதன்கிழமையே கொண்டு வந்திருந்தா பிழைச்சிருப்பானா?"

"உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா எனக்குப் பார்க்கறதுக்கு நேரம் கிடைச்சிருக்கும்," என்றார் டாக்டரம்மா.

"ஏன் கொண்டு வரலை?"

பெரியவர்தான் பதில் சொன்னார். "உங்க தந்திக்காகக் காத்துண்டிருந்தோம் மாப்ளே."

மாமனார் சுவரோரம் போய் நின்றுகொண்டார். மாப்பிள்ளை பெஞ்சில் வைதேகியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்காலத்தில் பெரியவர்கள் முன்னிலையில் அப்படி உட்காருவது வழக்கமில்லை. "கடைசியில யார்கிட்ட இருந்தான்?" என்று கேட்டார்.

"என் மடியில," என்றாள்.

குழந்தையை எடுத்துக்கொண்டு அவர்கள் நால்வரும் ஒரே வண்டியில் போனார்கள். அவளை ஏற்றுக்கொண்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அதற்கு மேல் அவளைப் பற்றி எனக்குத் தெரியாது.

அந்நாளிலிருந்து டாக்டரம்மா ஒரு புதிய முறையைக் கைக்கொண்டார். குழந்தை தாய்வீட்டில் இருக்கிறதா, புகுந்த வீட்டில் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்பார். தாய்வீடு என்றால், எல்லோர் காதிலும் விழும்படி, "என் உத்தரவு. கேட்டா என் பேரைச் சொல்லுங்க," என்பார். குழந்தையை விட்டுவிட்டு வரும் ஆண்களிடமும் அதையே சொல்லிக் குழந்தையைக் கொண்டுவர அனுப்புவார். மெல்ல மெல்ல அந்தச் சொல் ஆற்றைத் தாண்டிப் போயிற்று. ஸ்ரீரங்கத்தில் வாசலில் நின்று தயங்கும் வீட்டாரிடம் குதிரை வண்டிக்காரர்களே, "டாக்டரம்மா உத்தரவு ஆச்சு, ஏறுங்கம்மா," என்று சொல்லத் தொடங்கினார்கள். சில சமயம் அந்தக் குழந்தையைப் பற்றி டாக்டரம்மாவுக்கு இன்னும் தெரிந்தே இராது. வந்து இறங்கியவர்களிடம் அவர், "ஆமா, நான்தான் சொன்னேன்," என்பார். மூச்சு இருக்கும்போதே வந்த குழந்தைகளில் பல பிழைத்தன.

டாக்டரம்மா இப்போது இல்லை. அந்த உத்தரவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லிப் பேசுகிறார்கள், அது நியாயமே. ஆனால் அந்த வியாழக்கிழமை எந்த உத்தரவும் இருக்கவில்லை. கேட்டவுடன் எழுந்து நின்று, தன் வாழ்வு போனாலும் போகட்டும் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆறு தாண்டியவள் வைதேகி. டாக்டரம்மா பழியைத் தம் தலையில் எடுத்துக்கொண்டது அந்தப் பெண்ணைக் காப்பதற்காக. அதனால் அவள் செய்தது வெளியே தெரியாமல் போயிற்று. அதை அறிந்தவர்களில் இப்போது எஞ்சியிருப்பவள் நான் ஒருத்தியே என்று நினைக்கிறேன்.

ஆகையால், ஐயா, அம்மா, இந்தத் தாள்களைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
சவரியம்மாள்